முனிரத்தினத்தின் எண்ணும் என் எண்ணும்

போன மாதம் கம்பெனியிலிருந்து இரண்டு இளம் இன்ஜினீயர்கள் திருத்தணிக்கு வந்து, என் வீட்டைத் தேடிப் பிடித்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு நாற்காலி போட்டு, எங்கிருந்து தொடங்கலாம் என்று தொண்டையைச் செருமியபோது ஒருவன் சொன்னான்:

"முனிரத்தினம் சாரைப் பத்தி எழுதிக் குடுங்க சார். அவரு உங்க தங்கச்சி வூட்டுக்காரரு தானே? கதிர்வீச்சு ரிங்கை வெச்சு டெஸ்ட் பண்ண காலத்துல நீங்களும் கூடவே இருந்தீங்களாமே."

அவரையே கேட்கலாமே என்றேன். கேட்டார்களாம். "என்னைப் பத்தி நான் இன்னா எழுதறது, பாவாவைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டானாம். பாவா என்றால் மச்சான், என்னை அவன் கூப்பிடுகிற முறை. பணிவிலும் அவனுக்கே நல்ல பெயர்.

சரி, எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முனிரத்தினத்தின் மேல் எனக்குப் பொறாமை. அந்தக் காலத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை மூடி மறைத்து எழுதினால் அது மலருக்கு ஏற்ற கட்டுரையாக இருக்கலாம், உண்மையாக இருக்காது. மேலும், நான் "கூடவே" இருந்தவன் இல்லை. அவனுக்கு முன்பிருந்தே அங்கே இருந்தவன்.

எங்கள் தொழிற்சாலை கனகம்மாசத்திரம் போகிற சாலையில் இருந்தது. கிணற்றுப் பாசனத்துக்கான டீசல் எஞ்சின் செய்தோம். அறுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். ஐ.டி.ஐ. படிப்பு, மெட்ராஸில் ஒரு பட்டறையில் பயிற்சி, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என்னைத் தேய்மானப் பிரிவில் போட்டார்கள். எஞ்சின் ஓட ஓட அதன் பாகங்கள் எவ்வளவு தேய்கின்றன என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கும், புகை கக்கும், நடவு நேரத்தில் விவசாயியின் காலை வாரிவிடும்.

அளப்பதற்கு அப்போது ஒரே வழிதான். எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, பிரித்து, ரிங்கை வெளியே எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். உடனே அளக்கக் கூடாது. கையின் சூடு இரும்பில் இருக்கும் வரைக்கும் அளவு பொய் சொல்லும். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் எடை. அப்புறம் மைக்ரோமீட்டரால் தடிமன். கடைசியாக ரிங்கை சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது. தகடு நுழையவும் வேண்டும், லேசாகப் பிடிக்கவும் வேண்டும். அந்தப் பிடி விரலுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

முனிரத்தினத்தை அங்கே கொண்டுவந்தவனும் நான்தான். பள்ளிப்பட்டில் ஒரே வகுப்பில் படித்தோம். இரண்டு வீட்டிலும் தறி, இரண்டு வீட்டிலும் அப்பாவை நைனா என்றே கூப்பிடுவோம். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு நான் சொல்லி வேலை வாங்கித் தந்தேன். நல்ல பையன் என்று என் தங்கை கௌரியையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு யார் தட்டுக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவே, "மாப்ள எவ்ளோ பதவிசா பேசுது பாரு, நீயும் இருக்கியே" என்பாள்.

எங்கள் மேலதிகாரி சேஷாத்ரி சார். ஒல்லியான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே பேசுவார். நாம் எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "எதை வெச்சு?" என்பதுதான். எந்தக் கருவியை வைத்து, எந்த நிலையை வைத்து, எந்தக் காரணத்தை வைத்துச் சொல்கிறாய் என்று எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கும். பதில் சொன்னால் தலையை ஆட்டுவார். பதில் இல்லையென்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்குப் பிறகு நாம் அறையில் இல்லாதது போல்தான். கேன்டீனில் அவருக்கு "எதைவெச்சு சார்" என்றே பெயர்.

அவர் என்னை "நீங்க" என்பார். முனிரத்தினத்தை "நீ" என்பார். சேர்ந்த புதிதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. "நீங்க அளந்தா சரி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "டேய் முனி, நீ இங்க வா" என்று அவனைக் கூப்பிடுவார். மரியாதையை எனக்குக் கொடுத்துவிட்டு உரிமையை அவனிடம் வைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த "நீ"க்காக நான் ஏங்கியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் முன்னால் நின்று, "இப்ப இந்த நிமிஷம் இதோட ரிங் எவ்வளவு தேஞ்சிருக்கு?" என்று எங்கள் இருவரையும் கேட்டார். "நிறுத்திப் பிரிச்சுப் பாத்துச் சொல்றேன் சார்" என்றேன். சரியான பதில். முனிரத்தினம் தலையைச் சொறிந்துகொண்டு, "பிரிக்காம சொல்றதுக்கு வழியே இல்லீங்களா சார்?" என்றான். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் பம்பாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவன் அவன்.

பிரிக்காமல் சொல்ல வழி இருந்தது. ரிங்கை பம்பாயில் அணு உலைக்குள் வைத்து எடுப்பார்கள். அதிலுள்ள இரும்பில் ஒரு பங்கு கதிர்வீசும் இரும்பாக மாறிவிடும். அந்த ரிங்கை எஞ்சினில் போட்டு ஓட்டினால், தேய்ந்து உதிரும் தூள் எண்ணெயில் கலக்கும். எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஒரு கருவியின் முன் வைத்தால், கதிர் படும்போதெல்லாம் அது ஒரு தட்டு தட்டும். அதற்குக் கவுண்ட்டர் என்று பெயர். தட்டு அதிகமானால் தூள் அதிகம், அதாவது தேய்மானம் அதிகம். எஞ்சினை நிறுத்தவே வேண்டாம்.

பம்பாயிலிருந்து திரும்பியவனுக்குத் தனி அறை. ஈயப் பானைக்குள் வைத்து ரிங் வரும். அதைக் கையால் தொடக் கூடாது. ஈயச் செங்கற்களை அடுக்கிக் கட்டிய சுவருக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, நீளக் குறட்டால் பிஸ்டனில் பூட்டுவான். சட்டைப் பையில் ஃபிலிம் பேட்ஜ் குத்தியிருப்பான். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பதற்காம். கௌரி அதைப் புருஷன் வாங்கிய மெடல் போல அக்கம்பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வேலை செய்கிற முறையில் குறை சொல்ல முடியாது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். காலையில் வந்ததும் கவுண்ட்டரின் முன் ஒன்றும் வைக்காமல் ஓடவிடுவான். காற்றிலும் கல்லிலும் சுவரிலும் இயல்பாகவே இருக்கிற கதிருக்கு அது கொஞ்சம் தட்டும். அந்த வெறும் எண்ணை எழுதிக்கொள்வான். பிறகு ஒரே அளவுச் சீசாக்களில் எண்ணெய் பிடித்து, எண்ணி, வெறும் எண்ணைக் கழிப்பான். அப்புறம் ஒரு பெருக்கல். ரிங்கில் ஏறிய கதிர் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும், ஒன்றரை மாதத்தில் பாதியாகிவிடும். அதே தூள்தான், ஆனால் தட்டு பாதி. அதைச் சரிக்கட்ட, நாள் போகப் போக எண்ணைக் கூடுதலாகப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளில் ஒரு கோடையில் சேஷாத்ரி சாருக்குக் கீழே இருந்த எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிற நேரம் வந்தது. அந்த இடம் எனக்கா, அவனுக்கா என்பதுதான் பேச்சு. அதே சமயம் புதிய வார்ப்பில் செய்த ரிங் சோதனைக்கு வந்தது. சேஷாத்ரி சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒரே தொகுதியிலிருந்து ரெண்டு செட். கதிர் ஏத்தினது முனியோட எஞ்சின்ல. சாதாரணமானது உங்க எஞ்சின்ல. பக்கத்துப் பக்கத்து மேடை, ஒரே பாரம், ஒரே எண்ணெய். இதை ஏத்துக்கலாமா வேணாமான்னு ரெண்டு பேரும் எனக்குச் சொல்லணும். இது முடிஞ்சதும் பிரிவை யார் பாத்துக்கறதுன்னு நான் சொல்றேன்."

இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அந்தக் கிருத்திகைக்கு மலைக்குப் போனேன். படியேறி மூச்சு வாங்க நின்றபோது மேலிருந்து கௌரி இறங்கி வந்தாள்.

"அவருக்கு அந்த வேல கெடைக்கணும்னு வேண்டிகினு வரேன்ண்ணா. நீ இன்னா வேண்டிக்கப் போறே?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு தான்" என்றேன். சன்னதியில் என் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டேன். ஒரே இடத்துக்கு ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு மனு போனால் முருகன்தான் என்ன செய்வார்?

அந்தக் கோடையில் மின்வெட்டு கடுமை. காலையில் கொஞ்ச நேரம் கரண்ட் இருக்கும், பிறகு போய்விடும், பொழுது சாய்ந்துதான் வரும். எஞ்சின்கள் டீசலில் ஓடுவதால் சோதனை நிற்கவில்லை. முனிரத்தினம் காலையில் வெறும் எண்ணை எடுத்துவிடுவான். பகலில் சீசாக்களைப் பிடித்து வைத்துக்கொள்வான். பொழுது சாயும்போது ஸ்டோரிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கை அதன் பெட்டியோடு கொண்டுவந்து ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கரண்ட் வந்ததும் விளக்கை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவான்; வீட்டுக்குப் போகும்போது அதை ஸ்டோரில் கொடுத்துவிடுவான்.

சில வாரங்களில் என் எஞ்சினைப் பிரித்தேன். கழுவினேன், ஆறவிட்டேன், அளந்தேன். ரிங் அருமையான ரிங். தேய்மானம் பழையதைவிடக் குறைவு. முனிரத்தினத்தின் கணக்கிலோ தேய்மானம் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டே போயிற்று. சேஷாத்ரி சார் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உங்க எண்?"

சொன்னேன்.

"எதை வெச்சு?"

"தராசு, மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ். மூணும் ஒண்ணையேதான் சொல்லுது சார்."

"முனி, உன்னுது?"

"பாவா சொன்னதுக்கு மூணு பங்கு வருது சார். தினம் ஏறிகினே கீது. கவுண்ட்டர வெச்சு."

"அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பு. எது?"

"அவரோடதுதான் சார்" என்றேன், சட்டென்று.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"என்னுது சரியா இருக்கறத வெச்சுதான் சார்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, ஆனால் பாதி திரும்பினார். அப்போது முனிரத்தினம் சொன்னான்: "என்னுதாவும் இருக்கலாம் சார். ரெண்டு நாள் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த "இருக்கலாம்" என்னும் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தோற்கும்போது கூட ஒருவனால் அவ்வளவு நிதானமாக நிற்க முடிகிறதென்றால், ஜெயித்தவன் என்னதான் செய்வது? இருந்தாலும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் மனசுக்குள் அந்தப் பதவியில் உட்கார்ந்துதான் போனேன். மேஜையை ஜன்னலோரம் மாற்ற வேண்டும் என்று கூட முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் நாள் பொழுது சாய்கிற வேளையில் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"பாவா, கொஞ்சம் வாங்க. ஒண்ணு காட்றேன்."

போனேன். அவன் அறையிலிருந்த சாமான் எல்லாம் வெளியே வராந்தாவில் கிடந்தது. நாற்காலி, எண்ணெய் டின், குடை, சோற்று டப்பா. உள்ளே கவுண்ட்டர் மட்டும்.

"என் எண்ணு ஏறுதே, அது எப்டி ஏறுதுன்னு பாத்தேன். கதிர் கொறையறதுக்குப் பெருக்கறோம் பாருங்க, அந்தப் பெருக்கல் எந்தக் கணக்குல ஏறுதோ அதே கணக்குலதான் இதுவும் ஏறுது. அப்ப வளர்றது தேய்மானம் இல்ல பாவா, என் பெருக்கல்தான். மாறாத ஒண்ணு எங்கியோ கலந்துகினு இருக்குது. அதையும் சேத்துப் பெருக்கிகினு வந்திருக்கேன்."

"அதான் காலையில வெறும் எண்ண கழிக்கிறியே, மாப்ளே?"

"காலைலதானே கழிக்கறேன். காலைல இல்லாதது, சாயங்காலம் இருக்கறது இன்னா? ஒவ்வொண்ணா வெளிய வெச்சுப் பாத்தேன். நான் கூட வெளிய போய் நின்னு பாத்தேன்." சிரித்தான். "இப்பப் பாருங்க."

வராந்தாவிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கையும், அதோடு இருந்த அட்டைப் பெட்டியையும் தூக்கிவந்து, தினமும் வைக்கிற இடத்தில் வைத்தான். கவுண்ட்டரைச் சுற்றிக் கட்டிய ஈயச் சுவரில் சீசா நுழைக்க விட்ட வாசலுக்கு நேராக இருந்தது அந்த இடம். கவுண்ட்டர் சட்டியில் பொரி பொரிவது போலப் பொரிய ஆரம்பித்தது. விளக்கில் மாட்டும் மேன்டில், அந்த வலைப்பை, கை பட்டாலே உதிர்கிற சாமான். அதனால் அட்டைப் பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தான்.

"மேன்டில் துணியில தோரியம் தோச்சிருக்காங்க பாவா. வெளிச்சம் வெள்ளையா வர்றதுக்கு. அதுவும் கதிர் வீசற சாமான்தான். வூட்டுல, கடையில, கல்யாணத்துல வெக்கறதுதானேன்னு கண்ணுலயே படல."

நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஊரில் எந்த வீட்டு விசேஷத்திலும் தலைக்கு மேல் தொங்குகிற சாமான். பம்பாயில் மின்சாரம் போகாது, அதனால் அங்கே யாரும் இவனை எச்சரிக்கவில்லை. ஈயக் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், கோட்டை வாசலிலேயே மேன்டில் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டாமல், "அப்போ என் எண்ணு சரிதான்" என்றேன்.

"ஆங், உங்களுது எப்பவும் சரிதான்" என்றான். மேன்டிலைக் கழித்துப் போட்ட புதுக் கணக்கை நீட்டினான். அது என் எண்ணுக்குப் பக்கத்தில், மயிரிழை தூரத்தில் நின்றது.

மறுநாள் காலை சேஷாத்ரி சார் அறையில் அவனே எல்லாவற்றையும் சொன்னான், தன் தப்பை முழுசாக. அவர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். நான் அவரைப் பார்த்த வருஷங்களில் முதல்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு முனி. அந்தப் பெருக்கல் சமாச்சாரத்தை."

அவன் திரும்பச் சொன்னான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க எண் சரியா இருந்துது" என்றார். ரிங்கை ஏற்றுக்கொண்டார்கள். பிரிவை முனிரத்தினத்துக்குக் கொடுத்தார்கள்.

சரியாக இருந்த எண்ணுக்கு ஒரு வாக்கியம். தப்பாக இருந்த எண்ணுக்குப் பதவி. நான் பொறுக்க முடியாமல் தனியாகப் போய்க் கேட்டேன். சேஷாத்ரி சார் கோபப்படவில்லை.

"தப்புன்னு நீங்களும் சொன்னீங்க, அவனும் சொன்னான். எதை வெச்சுன்னு அவன் சொன்னான். உங்க கையை நான் என்னைக்கும் சந்தேகப்பட மாட்டேன். ஆனா பிரிவைக் கையை நம்பிக் குடுக்க முடியாதுங்க."

அப்போதும் "ங்க" போட்டுத்தான் சொன்னார். நியாயம் என்று தெரிவதால் வலி குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் முனிரத்தினத்தின் கீழ் வேலை செய்தேன். ஒரு நாளும் என்னை ஏவியதில்லை. "பாவா, தோது இருந்தா இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்பான். அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அந்த வசதியையும் அவன் எனக்குத் தரவில்லை. வேலை முறை ஒன்றை மட்டும் அவனாக ஏற்படுத்தினான். கதிர் ரிங் சோதனை ஒவ்வொன்றுக்கும் பக்கத்து மேடையில் சாதாரண ரிங்கோடு ஓர் எஞ்சின் ஓட வேண்டும், அதை நான் பிரித்து அளக்க வேண்டும், அதற்கு முன் அவன் எண் வெளியே போகக் கூடாது. எனக்கு வேலை இல்லாமல் போய்விடக் கூடாதே என்று இரக்கப்பட்டுச் செய்கிறான் என்று நினைத்து, அதற்கும் பல்லைக் கடித்தேன்.

ஓய்வும் ஒரே நாளில்தான் வந்தது. பள்ளிப்பட்டில் எங்கள் வாத்தியார் வகுப்பு முழுக்க ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டிருந்தார். எனக்கென்று ஒரு விழா நாள் கூடக் கிடைக்கவில்லை. இரண்டு மாலை, இரண்டு நாற்காலி, ஒரே பந்தல். கௌரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் முதலில் பேசினேன். மேலதிகாரிகளுக்கு நன்றி, தொழிலாளர்களுக்கு நன்றி, இறைவனுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அளவாகக் கை தட்டினார்கள்.

பிறகு முனிரத்தினம் எழுந்தான். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நான் வாழ்க்கையில ஒருத்தரப் பாத்துதான் பொறாமப் பட்டுகினு இருந்தேன். அது என் பாவாதான்" என்றான். "நான் எத்தினி சீசா எண்ணினாலும், எவ்ளோ பெருக்கிக் கழிச்சாலும், கடைசில இவரு எஞ்சினைப் பிரிச்சு உட்காருவாரு. ரிங்கை ஆற வெச்சுட்டு சும்மா உட்கார்ந்திருப்பாரு. அந்த நேரம் நான் வராந்தாவுல குறுக்கும் நெடுக்கும் நடந்துகினு இருப்பேன். இவரு கையில இருக்கறது என் கையில இல்லியேன்னு இத்தினி வருசமா வெந்துகினு இருக்கேன். பதவியக் குடுத்தாங்க, அதக் குடுக்க முடியல."

பிறகு பந்தல் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். கௌரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் நெகிழ்ந்து போயிருப்பேன் என்று. அவன் வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கைதட்டல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதே பேச்சு என்னிடமும் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை இருந்தது, அவனுடையதைவிட எத்தனையோ வருஷம் பழையது. நான்தான் முதலில் பேசினேன், எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.